நிக்கானை நம்பாத காலமும் நம்பிய காலமும்



நம் குழுவில் இரண்டு நாளாக நிக்கானா, கேனானா என்று சண்டை நடக்கிறது. கடன் வாங்கிக் கல்யாண வேலைக்குக் கேமரா எடுக்கப் போகும் தம்பி கேட்ட கேள்வி அதில் எங்கோ காணாமல் போய்விட்டது. எந்தக் கேமரா நல்லது என்று சொல்லும் அளவுக்கு எனக்கு அதில் ஞானம் கிடையாது. நான் வரலாறு நடத்தியவன், எனவே வரலாறே சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிக்கான் கம்பெனியின் பழைய பெயர் நிப்பான் கோகாகு. 1917இல் டோக்கியோவில் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர் முடியும்வரை ராணுவத்துக்கு பைனாகுலர், பெரிஸ்கோப், தூரம் அளக்கும் கருவி செய்வதுதான் அவர்களுடைய முக்கிய வேலை. ஜப்பான் தோற்றதும் அந்த வேலை போயிற்று. பிழைப்புக்காகக் கேமராவுக்கு வந்தார்கள். முதல் நிக்கான் கேமரா 1948இல் வெளிவந்தது. ஏற்றுமதியான கேமராக்களில் ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் தயாரானது’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். அந்த வரியோடு அமெரிக்காவில் சரக்கு விற்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். அன்று கேமரா என்றால் ஜெர்மனிதான்: லைக்கா, கான்டாக்ஸ். ஜப்பான் சரக்கு என்றால் மலிவு, காப்பி. (முதல் நிக்கானின் உருவம் கான்டாக்ஸைப் பார்த்துச் செய்ததுதான், அதையும் மறைக்க வேண்டாம்.)

1950இல் ‘லைஃப்’ பத்திரிகையின் புகைப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கன் டோக்கியோவில் இருந்தார். ஜுன் மிகி என்ற ஜப்பானிய இளைஞர் நிக்கார் 85 மி.மீ. லென்ஸில் அவரைப் படம் பிடித்துப் பிரிண்டைக் காட்டினார். அதன் துல்லியம் டங்கனை அசத்திவிட்டது. அதோடு அவர் விடவில்லை. ஹோரஸ் பிரிஸ்டல் என்ற இன்னொரு புகைப்படக்காரருடன் நேரே தொழிற்சாலைக்குப் போனார். தலைவர் மசாவோ நாகாவோகா இருவரையும் வரவேற்றார். இவர்கள் கொண்டுபோன லென்ஸையும் நிக்கார் லென்ஸையும் அங்கேயே சோதித்து ஒப்பிட்டார்கள்.

டங்கன் அடுத்துச் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடிக்கும். லைக்காவை அவர் தூக்கி எறியவில்லை. அதே லைக்காவில் நிக்கார் லென்ஸை மாட்டிக்கொண்டார்! எந்தக் கட்சியிலும் சேராத மனிதர். ஜூன் 25இல் கொரியப் போர் வெடித்தது. அவர் அங்கே எடுத்த படங்களை உலகமே பார்த்தது. டிசம்பர் 10ஆம் தேதி ‘நியூயார்க் டைம்ஸ்’ இந்த ஜப்பானியக் கேமராவையும் லென்ஸ்களையும் பற்றிக் கட்டுரை போட்டது. நிக்கான் தலை நிமிர்ந்தது அதற்குப் பிறகுதான்.

இனி 62 வருடம் தாண்டி வருவோம்.

2012 செப்டம்பரில் நிக்கான் டி600 வந்தது. அமெரிக்காவில் விலை சுமார் 2,100 டாலர். கொஞ்ச நாளிலேயே படங்களின் இடது மேல் பக்கத்தில் புள்ளி புள்ளியாக விழுகிறது என்று வாங்கியவர்கள் புகார் சொன்னார்கள். அவர்களுக்கு இணையத்தில் கிடைத்த பதில் என்ன தெரியுமா? “லென்ஸை வெளியில் கழற்றாதே”, “சென்சாரைத் துடைக்கக் கற்றுக்கொள்”, “எல்லாக் கேமராவிலும் தூசி விழும்.” இப்படிச் சொன்னவர்களுக்கு யாரும் காசு கொடுத்திருக்க வேண்டியதில்லை. அதே கேமராவுக்குத் தன் பணத்தைக் கொட்டியவனுக்கு அது மோசம் என்று ஒப்புக்கொள்ள மனம் வராது, அவ்வளவுதான். காசு வாங்கிக்கொண்டு எழுதுவோர் வேறு ரகம். தைவானில் ஆள் வைத்துத் தன்னைப் புகழவும் போட்டியாளரான ஹெச்டிசியைக் குறை சொல்லவும் செய்ததற்காக, 2013இல் சாம்சங்குக்கு அந்நாட்டு வணிக ஆணையம் ஒரு கோடி தைவான் டாலர் அபராதம் போட்டது. அந்த ரகத்தைச் சட்டம் பிடிக்கலாம். பாசத்தால் பொய் சொல்பவனை எந்தச் சட்டம் பிடிக்கும்?

டி600 விஷயத்தில் நம்பும்படி பேசியது ஒரு வாடகைக் கம்பெனி. அவர்களிடம் ஒரே மாடலில் நிறைய கேமராக்கள் உண்டு, எந்தப் பெயர் வென்றாலும் அவர்களுக்கு வாடகை வரும். திரும்பி வந்த டி600களில் தூசி அதே மூலையில்தான் சேர்கிறது என்று அவர்கள் 2012 அக்டோபரிலேயே படத்தோடு எழுதிவிட்டார்கள். நிக்கான் வாய் திறந்தது 2013 பிப்ரவரியில், அதுவும் ‘அரிதாக’ நடக்கலாம் என்று. அக்டோபரில் ஷட்டரை மாற்றி டி610 என்று புதுக் கேமரா விட்டது. 2014 பிப்ரவரியில், உத்தரவாதக் காலம் முடிந்திருந்தாலும் இலவசமாக ஷட்டர் மாற்றித் தருவதாக அறிவித்தது. மார்ச்சில் சீன அரசுத் தொலைக்காட்சி விஷயத்தைக் கிளப்ப, ஷாங்காய் அதிகாரிகள் விற்பனையையே நிறுத்தச் சொன்னார்கள்.

லென்ஸ் நன்றாக இருந்தபோது ஜப்பான் பெயரைப் பார்த்து நம்ப மறுத்தார்கள். கேமரா கெட்டிருந்தபோது நிக்கான் பெயரைப் பார்த்து நம்ப மறுத்தார்கள். இரண்டு தடவையும் படம் கண்ணெதிரேதான் இருந்தது.

தம்பிக்கு ஒரு வார்த்தை. பழைய டி600 இன்றும் குறைந்த விலைக்குக் கைமாறும். யாராவது உன்னிடம் கொண்டுவந்தால், ஷட்டர் மாற்றிய ரசீது இருக்கிறதா என்று கேள். கடை வாசலில் நின்று எஃப்16இல் வெறும் வானத்தை ஒரு படம் எடு. அதைப் பெரிதாக்கி இடது மேல் மூலையைப் பார்த்துவிட்டு அப்புறம் விலை பேசு.