முயலும் வேலியும்

வேட்டை நாய்களை ஏவுவது முயலைக் கொல்வதற்காக அன்று, அந்த ஓட்டத்தைக் கண்டு களிப்பதற்காகவே என்று கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் கிரேக்க எழுத்தாளர் அரியன் தம் வேட்டை நூலில் குறிப்பிடுகிறார். இங்கிலாந்தின் பிரபுக்கள் இக்கருத்தை உவந்து ஏற்றனர். 1776-இல் நார்ஃபோக்கின் ஸ்வாஃபம் என்னும் ஊரில் ஆர்ஃபோர்டு பிரபு இதற்கென ஒரு சங்கம் நிறுவினார். 1836-இல் லிவர்பூல் அருகே தொடங்கிய வாட்டர்லூ கோப்பைப் போட்டி 2005 வரை வாழ்ந்தது. ஒரு முயல், இரண்டு நாய்கள், குதிரைமீது ஒரு நடுவர். சுற்றிலும் பந்தயப் பணம்.

பிரபுக்களுக்கு இது விளையாட்டு. ஏழைக்கோ முயல் ஒரு வேளை உணவு. 1828-ஆம் ஆண்டின் இரவு வேட்டைத் தடுப்புச் சட்டப்படி, மூன்றாம் முறை பிடிபட்டவனை ஏழாண்டுகளுக்கு நாடு கடத்தலாம். 1831-இல் வந்த வேட்டைச் சட்டம் பகலில் அத்துமீறுவோரைத் தண்டித்தது. இரண்டும் காத்தது முயலை அன்று, நிலவுடைமையாளரின் உரிமையை. ஆகவே, திருட்டு வேட்டையாடியவன் தன் ஊராரில் பலர் கண்ணுக்குக் குற்றவாளியாகத் தோன்றவில்லை; காவலரிடம் அவனைக் காட்டிக்கொடுக்க ஊர் தயங்கியது.

இன்று காட்சி தலைகீழாகியிருக்கிறது. 2004-இல் இயற்றப்பட்ட சட்டம் 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்து, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்பந்தயத்தைத் தடைசெய்தது. விளையாட்டு ஒழிந்தது, சூதாட்டம் ஒழியவில்லை. அறுவடை முடிந்ததும் லிங்கன்ஷயரின் சமவெளிகளில் வண்டிகள் பயிரை நசுக்கிக்கொண்டு நுழைகின்றன. தட்டிக்கேட்கும் உழவர் மிரட்டப்படுகிறார். வயலின் வாயிலில் அகழி வெட்டியும் மரத்துண்டுகளை உருட்டிப் போட்டும் அவர் தம் நிலத்தைக் காக்கிறார்.

பரந்த வயல்வெளி முழுவதையும் காவலரால் கண்காணிக்க இயலாது. லிங்கன்ஷயர் காவல்துறை தொடங்கிய ‘கலிலியோ நடவடிக்கை’ ஊராரின் கண்களை நம்பியே நடக்கிறது. நேரில் மோதாமல், வண்டி எண்ணையும் இடத்தையும் சென்ற திசையையும் உடனே தெரிவிப்பதே அவர்களிடம் வேண்டப்படும் உதவி. 2022-இல் வந்த சட்டம் 1831-ஆம் ஆண்டுச் சட்டத்தையே திருத்தியது. அதுவரை அபராதம் மட்டுமே பெற்ற பகல்நேர அத்துமீறலுக்கு ஆறு மாதம் வரை சிறை என்றாயிற்று. நாய் வளர்க்கத் தடை விதிக்கவும் நீதிமன்றம் அதிகாரம் பெற்றது.

ஏழையை ஒடுக்க எழுந்த சட்டம், இரு நூற்றாண்டுகள் கழித்து அஞ்சி வாழும் உழவருக்கு அரணாகியிருக்கிறது. ஒரு சட்டத்தின் அறத்தை அதன் சொற்கள் மட்டுமே தீர்மானிப்பதில்லை. அதை நம்பி யார் குரல் எழுப்ப முடிகிறது என்பதும் தீர்மானிக்கிறது என்று நாம் கருதுகிறோம். அன்று வாய்மூடி நின்ற ஊர் இன்று காவலரை அழைக்கிறது. மாறாதது ஒன்றுதான்: அந்தப் பழைய சட்டத்தின் பார்வையில் குற்றம் இன்னமும் வேலியைத் தாண்டியதில்தான் தொடங்குகிறது, முயலைத் துரத்தியதில் அன்று.