ஏட்டு மைலேஜும் ரோட்டு மைலேஜும்

டொயோட்டா கம்பெனியார் 2003ஆம் வருஷத்தில் வெளியிட்ட இரண்டாம் தலைமுறைப் பிரியஸ் என்னும் ஹைபிரிட் வண்டி, ஜப்பானிய சர்க்காரின் பரீட்சைப்படி லிட்டர் பெட்ரோலுக்கு 35.5 கிலோமீட்டர் ஓடிற்று. ஐரோப்பியப் பரீட்சைப்படி நூறு கிலோமீட்டருக்கு 4.3 லிட்டர் குடித்தது, அதாவது லிட்டருக்கு 23.3 கிலோமீட்டர் கொடுத்தது. அமெரிக்கப் பரீட்சைப்படி காலனுக்கு 55 மைல், நம் கணக்கில் லிட்டருக்கு 23.4. பிறகு அமெரிக்க சர்க்கார், 2008 மாதிரி வண்டிகள் முதல் தன் கணக்கு முறையைத் திருத்திக்கொண்டபோது, ஒரு திருகாணிகூட மாற்றப்படாத அதே வண்டி காலனுக்கு 46 மைலாக, லிட்டருக்கு 19.6 கிலோமீட்டராக இறங்கிவிட்டது. இந்த நான்கு எண்களில் எதையும் பொய் என்று தள்ளிவிடுவதற்கில்லை. ஒவ்வொன்றும் சோதனைச்சாலை அளவைக் கொண்டு, ஒரு சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, முறையாகவே கணக்கிடப்பட்டது. ஒரே வண்டிக்கு நான்கு மைலேஜ் எப்படி உண்டாயிற்று என்று விசாரிக்கப் புகுந்தால், பிரியஸ் பிறப்பதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முந்திய காலத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

பெட்ரோலைத் தண்ணீராகச் செலவழிக்கும் தேசம் என்று அமெரிக்காவைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. ஆனால் சிக்கனத்தையே பந்தயமாக்கி வேடிக்கை பார்த்ததும் அந்தத் தேசந்தான். 1936இல் கில்மோர் எண்ணெய்க் கம்பெனியார் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்திலிருந்து யோசமிட்டிப் பள்ளத்தாக்கு வரை ஓர் ஓட்டத்தை ஏற்படுத்தினார்கள். அதில் முதலில் போய்ச் சேர்ந்தவருக்கல்ல, குறைவாக எண்ணெய் செலவழித்துப் போய்ச் சேர்ந்தவருக்கே கீர்த்தி. 1939இல் இல்லினாய் மாகாணத்து வுட் ரிவர் என்னும் ஊரில் ஷெல் கம்பெனியின் ஆராய்ச்சிசாலையைச் சேர்ந்த விஞ்ஞானிகள், யாருடைய வண்டி அதிக தூரம் போகும் என்று தங்களுக்குள் பந்தயம் கட்டிக்கொண்டார்கள். ஜயித்தவர் காலனுக்கு ஏறக்குறைய 50 மைல் ஓட்டிக் காட்டினார். கில்மோர் ஓட்டமோ யுத்தத்துக்குப் பிறகு மோபில் கம்பெனியாரின் பெயரால் புத்துயிர் பெற்று, 1968 வரையில் நடந்துவந்தது. அதில் வண்டியைச் செலுத்தியவர்கள் பிரேக்கைத் தொடுவதையே ஒரு தோஷமாகக் கருதிய தேர்ந்த சாரதிகள். அவர்கள் பெற்ற எண்கள் விளம்பரங்களில் ஏறின. அந்த விளம்பரத்தை நம்பி வண்டி வாங்கிய குமாஸ்தாவுக்கோ அந்த எண் வாழ்நாளில் ஒருமுறையும் கைகூடவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை மோட்டார் உலகம் அப்போதே அறிந்திருந்தது என்றே சொல்ல வேண்டும்.

சர்க்கார் இந்த விஷயத்தில் தலையிட்டது பெட்ரோலை உத்தேசித்து அன்று, புகையை உத்தேசித்து. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் வானத்தை மறைத்த புகைமூட்டத்துக்கு மோட்டார் வண்டிகளே முக்கிய காரணம் என்று ஸ்தாபிக்கப்பட்ட பிறகு, ஒரு வண்டி எவ்வளவு புகை விடுகிறது என்பதை அளப்பதற்கு ஒரு பொதுவான ஓட்டம் தேவைப்பட்டது. அந்த நகரத்தில் காலை வேளையில் வேலைக்குச் செல்லும் ஜனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு போகும் பாதையில் ஒரு வண்டியை ஓட்டி, அதன் வேகத்தை வினாடிக்கு வினாடி பதிவு செய்து, அந்தப் பதிவை ஏழரை மைல் நீளத்துக்குச் சுருக்கி, அமெரிக்காவில் விற்கும் வண்டிகளெல்லாம் அதேபோல் ஓடிக் காட்ட வேண்டும் என்று விதித்தார்கள். வண்டி அசையாமல் நிற்க, அதன் சக்கரங்கள் மட்டும் உருளைகளின்மேல் சுழலும். சாரதி எதிரே தெரியும் வேகக்கோட்டைப் பின்பற்றி மிதிப்பான். அக்காலத்து உருளைகளில் டயர் வழுக்கிவிடும் என்ற ஒரே காரணத்துக்காக, ஒரு வினாடிக்குள் வேகம் மணிக்கு 3.3 மைலுக்கு மேல் கூடாதபடி அந்தக் கோடு மழுக்கப்பட்டது. பச்சை விளக்கு விழுந்ததும் பாய்கிற மனித சுபாவம் இவ்வாறு ஆரம்பத்திலேயே கணக்கிலிருந்து விலக்கப்பட்டுவிட்டது.

1973இல் எண்ணெய்ப் பஞ்சம் வந்தது. 1975இல் அமெரிக்கக் காங்கிரஸ் எரிபொருள் சிக்கனத்தைச் சட்டமாக்கியது. புதிதாக ஒரு பரீட்சை கண்டுபிடிக்காமல், புகையளக்கும் பரீட்சையே மைலேஜ் அளக்கும் பரீட்சையாகவும் ஆக்கப்பட்டது. அதில் பெட்ரோலை நேராக அளப்பதுகூட இல்லை. வெளிவரும் புகையைப் பைகளில் பிடித்து, அதிலுள்ள கரியின் எடையைக் கண்டு, அத்தனை கரி எவ்வளவு பெட்ரோலிலிருந்து வந்திருக்கும் என்று பின்னோக்கிக் கணக்கிடுகிறார்கள். யோசித்துப் பார்த்தால் இது மிக நுட்பமான யுக்தி. அளவில் பிழை இல்லை, அளக்கப்பட்ட ஓட்டத்தில்தான் பிழை. நெடுஞ்சாலைக்கென்று சேர்த்த இரண்டாவது ஓட்டத்தின் உச்ச வேகம் மணிக்கு 60 மைல், சராசரி 48 மைல். தேசமெங்கும் 55 மைலுக்கு மேல் போகக்கூடாது என்று 1974இல் சட்டம் செய்த காலத்தின் முத்திரை அது. அந்த வேகச் சட்டம் 1995இல் நீக்கப்பட்ட பின்னும் பரீட்சை மட்டும் பழைய வேகத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.

புது வண்டியில் ஒட்டும் மைலேஜ் சீட்டில் கண்ட எண் கிடைப்பதில்லை என்ற முறையீடு ஹைபிரிட்டோடு வந்தது அன்று. அது முன்னமே பலமாக எழுந்து, 1985 மாதிரி வண்டிகள் முதல், சோதனைச்சாலையில் கிடைத்த நகர எண்ணில் நூற்றுக்குப் பத்தும் நெடுஞ்சாலை எண்ணில் நூற்றுக்கு இருபத்திரண்டும் கழித்தே சீட்டில் அச்சிட வேண்டும் என்று விதி செய்யப்பட்டது. தராசைச் சரிசெய்யாமல் நிறுத்த எடையில் ஒரு பங்கைத் தள்ளிக் கொடுத்த இந்த ஏற்பாடு, இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒருவாறு ஒப்பேறியது. ஏனெனில் அக்காலத்து வண்டிகளெல்லாம் ஒரே ஜாதி. ஒன்று குறைந்தால் எல்லாமே ஏறக்குறைய அதே விகிதத்தில் குறையும். அந்த ஜாதிக் கட்டுக்கு அடங்காத ஒரு வண்டி வந்தபோதுதான் ஏற்பாடு நிலைகுலைந்தது.

அந்த வண்டிதான் ஹைபிரிட். பெட்ரோல் யந்திரத்தையும் மின்சார மோட்டாரையும் ஒரே வண்டியில் பூட்டும் எண்ணம் புதிதன்று. வியன்னாவில் ஃபெர்டினாண்ட் போர்ஷே என்ற இளைஞர் 1900ஆம் ஆண்டு வாக்கிலேயே அப்படி ஒன்றைச் செய்தார். சிகாகோவில் 1916இல் உட்ஸ் கம்பெனியார் ஒன்றை விற்கப் பார்த்தார்கள். விக்டர் வூக் என்ற பொறியியலாளர் ஒரு ப்யூக் வண்டியை ஹைபிரிட்டாக மாற்றி 1974இல் சர்க்கார் பரீட்சைக்கே கொண்டுபோனார். ஒன்றும் வேரூன்றவில்லை. 1993இல் டொயோட்டா கம்பெனியில் ஏய்ஜி டொயோடாவின் தூண்டுதலால் ஆரம்பித்து, தகேஷி உச்சியமாடா என்பவரின் தலைமையில் நடந்த முயற்சியே பலித்தது. பழைய வண்டியைப் போல ஒன்றரை மடங்கு தூரம் ஓடினால் போதும் என்று முதலில் வைத்த இலக்கை, மேலிடத்தார் இரண்டு மடங்காக உயர்த்தினார்கள். 1995இல் உருவான முதல் மாதிரி வண்டி 49 நாள் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை என்று அதைச் செய்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆயினும் 1997 டிசம்பரில், கியோட்டோவில் உலகப் பருவநிலை மகாநாடு கூடிய அதே மாதத்தில், பிரியஸ் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. லிட்டருக்கு 28 கிலோமீட்டர் என்பது அதன் பிரகடனம்.

அந்த வண்டியின் சிக்கனம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சாதாரண வண்டி பிரேக் போடும்போது அதன் வேகமெல்லாம் சூடாகிக் காற்றோடு போய்விடும். ஹைபிரிட்டில் அந்த வேகம் சக்கரத்தின் வழியாக மோட்டாரைச் சுழற்றி மின்சாரமாகிறது. சிக்கனமான இல்லத்தரசி செலவுக்குக் கொடுத்த பணத்திலிருந்தே சிறுவாடு சேர்ப்பதுபோல, பாட்டரி அந்த மின்சாரத்தைச் சேர்த்து வைத்து, மறுபடி புறப்படும்போது எடுத்துக் கொடுக்கிறது. வண்டி நின்றால் யந்திரமும் நின்றுவிடும். நின்று நின்று, மெதுவாகப் போகும் ஓட்டமே அதற்கு அனுகூலம். ஜப்பானியப் பரீட்சையோ இதற்கென்றே அமைத்தது போலிருந்தது. சராசரி வேகம் மணிக்கு 23 கிலோமீட்டருக்கும் குறைவு, உச்சம் 70, மொத்த நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நின்றபடி. போதாததற்கு யந்திரத்தை முன்பே சூடாக்கிவிட்டுத்தான் ஓட்டம் ஆரம்பம். குளிர்ந்த காலையில் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பும் குடும்ப வண்டிக்கு இந்தப் பாக்கியம் ஏது? புகையைச் சுத்திகரிக்கும் பாகம் சூடேறும்வரையிலும், உள்ளே இருப்பவர்களுக்கு வெப்பம் வேண்டியிருக்கும்வரையிலும், நின்றிருக்க வேண்டிய யந்திரம் ஓடியே தீர வேண்டும். மின்சாரத்தைச் சேர்க்க வேண்டிய பாட்டரியும் குளிரில் மந்தமாகிவிடும். நெடுஞ்சாலையிலோ பிரேக்கும் இல்லை, சேமிப்பும் இல்லை. காற்றைக் கிழித்துக்கொண்டு போவதற்குப் பெட்ரோலைத் தவிர வேறு கதி இல்லை.

2000ஆம் வருஷம் பிரியஸ் அமெரிக்காவுக்கு வந்தது. அதை வாங்கியவர்கள் பெரும்பாலும் மைலேஜ் எண் ஒன்றுக்காகவே வாங்கினவர்கள். அதோடு, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எவ்வளவு கிடைத்தது என்பதைக் கோடு கோடாக எழுதிக் காட்டும் ஒரு திரையையும் கம்பெனியாரே அவர்கள் கண்ணெதிரில் வைத்துக் கொடுத்தார்கள். பழைய வண்டிக்காரனுக்கு மனத்தில் மங்கலாக இருந்த சந்தேகம், இவர்களுக்குப் பிரத்தியட்சமான கணக்காயிற்று. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகையார் இரண்டாம் தலைமுறைப் பிரியஸைத் தாங்களே ஓட்டிப் பார்த்ததில் காலனுக்கு 44 மைல் கிடைத்தது. சீட்டில் இருந்ததோ 55. ஏமாற்றிவிட்டார்கள் என்ற கூக்குரல் கிளம்பியது.

இங்கே ஒரு கணக்கைக் கவனிப்பது நல்லது. லிட்டருக்குப் பத்து என்று சீட்டில் கண்டு ஒன்பதே பெற்ற சாதாரண வண்டிக்காரர், வருஷத்துக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டினால், எதிர்பார்த்ததைவிட 133 லிட்டர் அதிகமாகச் செலவழிக்கிறார். 23.4 என்று கண்டு 19.6 பெற்ற பிரியஸ்காரருக்கு அதே தூரத்தில் கூடுதல் செலவு ஏறத்தாழ 100 லிட்டர். நஷ்டம் குறைந்தவரே அதிகமாகக் கூவினார்! லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று எண்ணும் வழக்கம் மேல் படிகளில் உள்ள வித்தியாசத்தைப் பெரிதாக்கியும், கீழ்ப் படிகளில் உள்ளதைச் சிறிதாக்கியும் காட்டும் என்பதை லாரிக், சோல் என்ற இரு அறிஞர்கள் 2008இல் எடுத்துக்காட்டினார்கள். நூறு கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர் என்னும் ஐரோப்பிய வழக்கமே இவ்விஷயத்தில் யோக்கியமானது என்பது என் அபிப்பிராயம். ஆயினும் பிரியஸ்காரர்களின் கூக்குரலை வீண் என்று நான் சொல்ல வரவில்லை. 1985க்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் மற்ற வண்டிக்காரர்கள் சகித்துவந்த ஒரு பிழையை, அவர்கள் கூவித்தான் திருத்த வேண்டியிருந்தது.

2005இல் காங்கிரஸ் உத்தரவிட, 2006 டிசம்பரில் புதிய விதி வெளியாயிற்று. பழைய இரண்டு ஓட்டங்களோடு, மணிக்கு 80 மைல் வரை பாயும் ஓட்டம் ஒன்று, 35 டிகிரி வெப்பத்தில் ஏசி போட்டுக்கொண்டு ஓடுவது ஒன்று, உறைநிலைக்கும் கீழே ஏழு டிகிரிக் குளிரில் ஓடுவது ஒன்று என மூன்று சேர்ந்தன. இந்தப் புதிய விதிப்படிதான் 55 என்பது 46 ஆயிற்று. முதல் தலைமுறைப் பிரியஸின் 48 என்பது 41 ஆயிற்று. இந்தத் திருத்தம் எவ்வளவு சரியானது என்பதற்கு ஒரு ருசு உண்டு. 2011இல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகையார், இரண்டு லட்சம் மைலுக்கு மேல் ஓடித் தேய்ந்த 2002 மாதிரிப் பிரியஸ் ஒன்றைப் பரீட்சித்தார்கள், காலனுக்கு 40.4 மைல் கிடைத்தது. பத்து வருஷத்துக்கு முன் புது வண்டியில் அவர்களுக்குக் கிடைத்தது 40.6. ஆனால் கம்பெனிகள் மொத்தமாக எவ்வளவு சிக்கனம் காட்ட வேண்டும் என்ற சட்டக் கணக்குக்கு மட்டும் இன்றும் 1975ஆம் வருஷத்து முறைதான்; ஆகையால் ஒரே இலாகாவின் ஏடுகளில் ஒரே வண்டி இரண்டு மைலேஜோடு வாழ்கிறது.

திருத்திய பிறகும் சந்து இருந்தது. 2012இல் வந்த ஃபோர்ட் சி-மேக்ஸ் என்னும் ஹைபிரிட் குடும்ப வண்டி, நகரத்திலும் 47, நெடுஞ்சாலையிலும் 47 என்று சீட்டு ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரே யந்திரமும் ஒரே கியர் அமைப்பும் ஒத்த எடையும் உடைய வண்டிகளுக்கு ஒரே சீட்டுப் போதும் என்று எழுபதுகளில் செய்த விதி ஒன்று இருந்தமையால், அந்த 47 உண்மையில் ஃப்யூஷன் என்ற வேறொரு வண்டியின் மைலேஜ். காற்றில் வழுக்கிச் செல்லும் தாழ்ந்த வண்டியின் எண்ணை, உயர்ந்து நின்று காற்றை மார்பில் ஏற்கும் வண்டிக்குக் கட்டியிருந்தார்கள். 2013 ஆகஸ்டில் அதை 43 ஆகக் குறைத்து, வாங்கியவர்களுக்கு 550 டாலர் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் தங்கள் கணக்கிலேயே பிழை கண்டு 40 ஆக்கினார்கள்.

ஜப்பானும் 2011இல் பழைய ஓட்டத்தைக் கைவிட்டுக் குளிர்ந்த யந்திரத்தையும் கணக்கில் சேர்த்தது. ஐரோப்பா 2017இல் அரை மணி நேரம் நீளும் புதிய ஓட்டத்துக்கு மாறியது. நம் தேசத்திலோ, ஐரோப்பா கைவிட்ட அந்தப் பழைய ஓட்டத்தின் உச்ச வேகத்தை 90 கிலோமீட்டராகக் குறைத்துக் கையாண்ட முறையிலேயே, 2022இல் வந்த டொயோட்டா ஹைரைடர் ஹைபிரிட்டுக்கு லிட்டருக்கு 27.97 என்று இரண்டு தசம ஸ்தானம் வரை துல்லியமாகச் சான்று கொடுக்கப்பட்டது. அந்தப் பரீட்சையில் ஏசி ஓடவில்லை. சென்னையில் சித்திரை மாதத்தில் ஏசி இல்லாமல் காரில் போகிறவர் அரிது. இத்தகைய ஹைபிரிட்டில் ஏசி பாட்டரியின் மின்சாரத்தால் ஓடுவதால், சிக்னலில் நிற்கும் வண்டியில் பாட்டரி இறங்க இறங்க, அதை நிரப்புவதற்காகவே யந்திரம் தானாகக் கிளம்பிப் பெட்ரோலைக் குடிக்க ஆரம்பித்துவிடுகிறது.