இடம் மாறும் வீட்டுக்கு ஒரு காவல்காரர்

இரவு இரண்டு மணிக்குத் தெருவில் பாராக்காரர் தடியைத் தட்டிக்கொண்டு போவதை உங்களில் சிலராவது கேட்டிருப்பீர்கள். தூக்கத்தில் புரண்டு படுப்பவர் அந்த ஓசையைக் கேட்டுவிட்டு நிம்மதியாக மறுபடி உறங்கிவிடுவார். ஓசை கேட்டால் காவல் இருக்கிறது என்று பொருள். ஓசை கேட்காத இரவில் என்ன நினைப்பது? தெருவில் தொல்லை ஏதுமில்லை என்றா, பாராக்காரரே உறங்கிப்போனார் என்றா? மௌனத்துக்கு இப்படி இரண்டு பொருள் உண்டு. கணிப்பொறிகளைக் கண்காணிக்கும் கலை வளர்ந்த கதையில் இந்த இரண்டு பொருள்களும் திரும்பத் திரும்பக் குறுக்கிடுவதைக் காணலாம்.

முதலில் காவல் காக்கப்படும் பொருளைப் பார்ப்போம். ரயிலில் இடம் பதிவு செய்கிறீர்கள். வங்கியில் பணம் போடுகிறீர்கள். இந்தக் கணக்குகளெல்லாம் ஓர் ஒழுங்கில் சேமிக்கப்பட்டு, கேட்டவுடன் எடுத்துத் தரப்பட வேண்டும். அந்த ஏற்பாட்டுக்குத் தரவுத்தளம் என்று பெயர். தரவுகளை அட்டவணைகளாக வைத்துக்கொள்ளும் முறையை 1970-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வாளர் எட்கர் காட் ஒரு கட்டுரையில் விளக்கினார். இன்று உலகெங்கும் ஓடுகிற போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் போன்ற தரவுத்தளங்கள் அந்த வழியில் வந்தவையே.

தரவுத்தளம் பெரும்பாலும் திடீரென்று இறப்பதில்லை. நோயாளியைப்போல முன்கூட்டியே அறிகுறிகள் காட்டும். போஸ்ட்கிரெஸை எடுத்துக்கொள்ளுங்கள். வேறு உத்தரவு தராவிட்டால் அது ஒரே நேரத்தில் 100 இணைப்புகளைத்தான் ஏற்கும். அவற்றிலும் மூன்றைத் தலைமை நிர்வாகிக்கென்று ஒதுக்கி வைத்துவிடும். பேருந்தில் நடத்துநர் இருக்கையைப்போல. இணைப்புகள் 60, 80, 95 என்று ஏறிக்கொண்டே போனால் கதவு அடைபடப் போகிறது என்று பொருள். ஒரு கேள்விக்கு விடை தர வழக்கத்தைவிடப் பன்மடங்கு நேரம் ஆவது இன்னோர் அறிகுறி. மூலத் தரவுத்தளத்தைப் பார்த்துப் படியெடுக்கும் துணைத் தரவுத்தளம் பின்தங்கிப் போவது மற்றொன்று. வட்டு நிரம்பிக்கொண்டு வருவதும் அப்படியே. 2009-இல் வெளிவந்த போஸ்ட்கிரெஸ் 8.4 பதிப்பிலிருந்து, எந்த வகைக் கேள்வி எத்தனை முறை வந்தது, எவ்வளவு நேரம் எடுத்தது என்று தரவுத்தளமே கணக்கு வைத்துச் சொல்லும் வசதியும் கூடிற்று. நாடி இருக்கிறது, பிடித்துப் பார்க்க ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

அப்படி நாடி பார்க்கும் கருவிகளில் நெடுங்காலம் புகழ்பெற்றிருந்தது நேகியோஸ். ஈதன் கால்ஸ்டாட் என்னும் அமெரிக்கர் 1999-இல் வேறொரு பெயரில் வெளியிட்டது அது. 2002-இல் இந்தப் பெயரைப் பெற்றது. அதன் முறை எளியது. எந்தெந்தக் கணிப்பொறிகளைப் பார்க்க வேண்டும் என்று ஒரு கோப்பில் நாம் எழுதிவைப்போம். கருவி அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாகக் கதவைத் தட்டும். பதில் வராவிட்டால் நிர்வாகியை எழுப்பும். வீடுகள் இருந்த இடத்திலேயே இருக்கும்வரை இது நல்ல முறை. ஆனால் வீடுகளே இடம் மாறத் தொடங்கினால்?

இங்கே கொஞ்சம் துறைமுகத்துக்குப் போய் வர வேண்டும். 1956 ஏப்ரல் 26 அன்று ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பல் அமெரிக்காவின் நுவார்க் நகரிலிருந்து 58 உலோகப் பெட்டிகளுடன் ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. அனுப்பியவர் மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளி. அவர் கண்டது இதுதான்: மூட்டை, பீப்பாய், பெட்டி என்று தனித்தனியாக ஏற்றி இறக்குவதற்குப் பதில், எல்லாவற்றையும் ஒரே அளவுப் பெட்டியில் பூட்டிவிட்டால், உள்ளே என்ன இருக்கிறது என்று பளுதூக்கியும் கப்பலும் லாரியும் கவலைப்பட வேண்டியதில்லை. கண்டெய்னர் என்று நாம் சொல்லும் பெட்டி அது.

கணிப்பொறியிலும் மூட்டைத் தொல்லை இருந்தது. ஒரு செயல்நிரல் ஓட அதற்கென்று பத்துத் துணைநிரல்கள் வேண்டும். எழுதியவர் இயந்திரத்தில் ஓடுவது அடுத்தவர் இயந்திரத்தில் ஓடாது. ஒரு நிரலைச் சுவர் எழுப்பித் தனியே வைக்கும் எண்ணம் புதியதன்று. 1979-இல் வந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே அதன் வித்து இருந்தது. 2006-இல் கூகிள் பொறியாளர்கள், ஒரு நிரல் கூட்டம் எவ்வளவு நினைவகத்தையும் செயலியையும் எடுத்துக்கொள்ளலாம் என்று வரம்பு கட்டும் வேலையைத் தொடங்கினர். 2008-இல் அது லினக்ஸின் உட்கருவில் சேர்ந்தது. இவற்றையெல்லாம் எவரும் எளிதில் கையாளும் பெட்டியாக மாற்றிக் காட்டியவர் சாலமன் ஹைக்ஸ். 2013 மார்ச்சில் ஒரு மாநாட்டில் சில நிமிடப் பேச்சில் அவர் காட்டிய கருவியின் பெயர் டாக்கர்; துறைமுகத் தொழிலாளியை நினைவூட்டும் பெயர்.

பெட்டிகள் பெருகினால் எந்தப் பெட்டியை எந்தக் கப்பலில் வைப்பது என்று முடிவு செய்ய ஒருவர் வேண்டுமே! 2014 ஜூனில் கூகிள் வெளியிட்ட கூபர்நெட்டீஸ் அந்த வேலையைச் செய்கிறது. கிரேக்க மொழியில் அச்சொல்லுக்கு மீகாமன், அதாவது கப்பலின் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள். பல கணிப்பொறிகளை ஒரு கூட்டமாகச் சேர்த்து, இத்தனை பெட்டிகள் ஓட வேண்டும் என்று நாம் சொன்னால், அது இடம் பார்த்து வைக்கும். ஒரு கணிப்பொறி பழுதானால் அங்கிருந்த பெட்டிகளுக்குப் பதிலாக வேறொன்றில் புதிய பெட்டிகளை ஓடவிடும். புதிய பெட்டிக்குப் புதிய முகவரி. காலையில் இருந்த வீடு மாலையில் அங்கே இல்லை.

பட்டியலைக் கையில் வைத்திருந்த பழைய பாராக்காரர் திகைத்துப் போனார் எனலாம். இல்லாத வீட்டின் கதவை நள்ளிரவில் தட்டி, பதில் இல்லை என்று ஊரைக் கூட்டுவார். புதிதாக வந்த வீட்டையோ அறியவே மாட்டார். முதல் குற்றம் தூக்கத்தைக் கெடுக்கும். இரண்டாவது குற்றம்தான் ஆபத்தானது.

இந்தச் சிக்கலைக் கூகிள் தன் வீட்டுக்குள் முன்பே சந்தித்திருந்தது. அங்கே போர்க் என்னும் அமைப்பு பெட்டிகளை நிர்வகித்தது. போர்க்மான் என்பது அதன் காவல்காரர். கூகிளில் பணியாற்றிவிட்டு பெர்லின் நகரின் சவுண்ட்கிளவுட் நிறுவனத்துக்கு வந்த மேட் புரவுட், ஜூலியஸ் வோல்ஸ் என்னும் இருவர், அதுபோன்ற ஒன்று வெளியே இல்லையே என்று 2012-இல் தாங்களே எழுதத் தொடங்கினர். பிரோமிதியஸ் பிறந்தது அப்படித்தான். 2016-இல் அது, கூபர்நெட்டீஸ் இருந்த அதே பொது அறக்கட்டளையில் இரண்டாவது திட்டமாகச் சேர்ந்தது.

பிரோமிதியஸ் செய்த மாற்றம் சிறியதுபோலத் தோன்றும். அது பட்டியலை நம்மிடம் கேட்பதில்லை, மீகாமனிடம் கேட்கிறது. ‘இப்போது யார் யார் இருக்கிறார்கள்?’ என்று கூபர்நெட்டீஸைக் கேட்டு, அவர்கள் ஒவ்வொருவரிடமும் 15 அல்லது 30 விநாடிக்கு ஒருமுறை தானே சென்று எண்களை வாங்கி வருகிறது. கதவு திறந்தால் ‘அப்’ என்னும் கணக்கில் 1 என்றும், திறக்காவிட்டால் 0 என்றும் எழுதிக்கொள்கிறது.

சரி, தரவுத்தளத்தை இந்தப் பெட்டிகளில் வைக்கலாமா? நெடுநாள் பலர் தயங்கினார்கள். தயக்கத்தில் நியாயமும் இருந்தது. மற்ற நிரல்களை அழித்து மறுபடி உண்டாக்கலாம். தரவுத்தளம் தன் வட்டை விட்டுவிட்டு எங்கும் போக முடியாது. இதற்காகக் கூபர்நெட்டீஸ் 2016-இல் ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் மாறாத பெயரும் அதற்கே உரிய சேமிப்பிடமும் உண்டு. பெட்டி இடம் மாறினாலும் அந்தப் பெயரும் சேமிப்பிடமும் கூடவே வரும். முதலில் அதற்குச் செல்லப் பிராணிகளை நினைவூட்டும் ‘பெட்செட்’ என்று பெயரிட்டிருந்தார்கள். அவ்வாண்டு டிசம்பரிலேயே ‘ஸ்டேட்ஃபுல்செட்’ என்று மாற்றிவிட்டார்கள். முதல் பெயரே நன்றாக இருந்தது என்பது என் எண்ணம்.

இப்போது காவல்காரரைக் குடியேற்றுவோம். தரவுத்தளத்துக்குப் பிரோமிதியஸின் மொழி தெரியாது. ஆகவே அதன் பக்கத்தில் எக்ஸ்போர்ட்டர் என்னும் ஒரு சிறு மொழிபெயர்ப்பாளரை நிறுத்துகிறோம். அவர் உள்ளே போய்க் கணக்குகளைப் படித்து வந்து சொல்வார். அவருக்கு எல்லா அறைகளின் சாவியையும் கொடுத்துவிடக் கூடாது. 2017-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 10, இதற்கென்றே பார்வையாளர் உரிமை ஒன்றை உண்டாக்கியது. புள்ளிவிவரங்களைப் பார்க்கலாம், வாடிக்கையாளரின் கணக்குகளில் கை வைக்க முடியாது. கடவுச்சொல்லை இரகசியப் பெட்டியில் வைக்க வேண்டும். பிரோமிதியஸின் நினைவேட்டுக்கும் நிலையான சேமிப்பிடம் தேவை. இல்லையேல் பெட்டி மறுபிறவி எடுக்கும்போது நேற்று நடந்தது அனைத்தும் மறந்துபோகும். தானாக மறக்கும்படி விட்டாலே அது 15 நாள் கணக்கைத்தான் வைத்துக்கொள்ளும்.

புதியவர்கள் சறுக்கும் இடம் ஒன்று இங்கே உண்டு. தரவுத்தளம் இறந்துவிட்டது, பக்கத்தில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர் நலமாக இருக்கிறார். பிரோமிதியஸ் வந்து கதவைத் தட்டினால் அவர் திறப்பார். கணக்கில் 1 என்று விழும்! ஆகவே மொழிபெயர்ப்பாளர் தரவுத்தளத்தோடு பேச முடிகிறதா என்று சொல்லும் வேறோர் எண்ணையும் தனியே பார்க்க வேண்டும். இதைவிட நுட்பமான ஒன்றும் உண்டு. தவறுதலாக ஓர் அடையாளச் சீட்டை மாற்றி எழுதியதால் தரவுத்தளம் மீகாமனின் பட்டியலில் தென்படாமலே போனால், 1 என்றும் வராது, 0 என்றும் வராது. எதுவுமே வராது. 0 வந்தால் கூவு என்று எழுதிய அலாரம் அமைதியாக இருக்கும்.

மௌனம் எவ்வளவு விலை கேட்கும் என்பதை 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற நிறுவனம் அறிந்தது. அங்கே தரவுத்தளம் கண்டெய்னரில் இருக்கவில்லை. ஆயினும் பாடம் ஒன்றே. துணைத் தரவுத்தளம் பின்தங்கி நின்றுவிட்டது. அதைச் சீராக்க முயன்ற பொறியாளர், அதன் கோப்புகளை அழிப்பதாக எண்ணி இரவு நேரத்தில் மூலத் தரவுத்தளத்தின் கோப்புகளை அழித்துவிட்டார். ஓரிரு விநாடிகளில் உணர்ந்து நிறுத்தியபோது சுமார் 300 கிகாபைட்டில் 4.5 மட்டுமே மிஞ்சியிருந்தது. காப்புப் பிரதிகளைத் தேடினார்கள். சேமிப்பிடம் காலி! தரவுத்தளம் 9.6 பதிப்பு, பிரதி எடுத்த நிரலோ 9.2 பதிப்பு. ஒவ்வொரு முறையும் அது பிழை என்று சொல்லி நின்றுகொண்டிருந்தது. அந்தப் பிழையை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் அனுப்பப்பட்டுத்தான் வந்தன. ஆனால் அவை உரிய முத்திரையின்றிப் போனதால், பெறும் இடத்தில் திருப்பித் தள்ளப்பட்டன. எவருக்கும் கடிதம் வரவில்லை. எனவே எல்லாம் நலம் என்றிருந்தார்கள்.

அவர்களைக் காப்பாற்றியது ஒரு தற்செயல். அதே பொறியாளர் சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு சோதனைக்காகத் தம் கையால் ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தார். அதிலிருந்து மீட்டார்கள். இடைப்பட்ட நேரத்தில் பதிவான ஏறத்தாழ 5,000 திட்டங்களும், 5,000 கருத்துரைகளும், 700 புதிய பயனர் கணக்குகளும் போய்விட்டன. நிறுவனம் எதையும் மறைக்கவில்லை. மீட்புப் பணியை உலகம் காண நேரடியாக ஒளிபரப்பியது. தவறுகளை வரிசையாக எழுதி வெளியிட்டது. அந்தப் பொறியாளரைப் பலியிடவும் இல்லை. இது பாராட்டத்தக்கது.

பிரோமிதியஸைக் கூபர்நெட்டீஸில் நிறுவுவோர் இன்று பரவலாகப் பயன்படுத்தும் தொகுப்பில் ‘வாட்ச்டாக்’ என்று ஓர் அலாரம் இருக்கிறது. அதன் நிபந்தனை எப்போதும் உண்மையாகவே இருக்கும்படி எழுதப்பட்டிருப்பதால், அது இரவும் பகலும் ஓயாமல் ஒலிக்கும். முதன்முறை நிறுவுகிறவர் திரையில் அதைச் சிவப்பாகக் கண்டு பதறி, ஏதோ பழுது என்று அணைக்கப் போவது வழக்கம். அந்த ஒலியைக் கூட்டத்துக்கு வெளியே, வேறொரு கட்டடத்தில் இருக்கும் ஒரு சேவைக்கு அனுப்பும்படி அமைக்க வேண்டும். அந்தச் சேவைக்குப் பெரிய அறிவு எதுவும் தேவையில்லை. தடி ஓசை வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தால் போதும். குறித்த நிமிடங்களுக்குள் ஓசை வராவிட்டால், தரவுத்தளத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. பாராக்காரரைக் காணோம் என்று மட்டும் சொல்லி, நிர்வாகியின் தொலைபேசியை ஒலிக்கச் செய்யும்.