ஸ்டான்ஸ் நகரத்து அநாதை இல்லம்

1798ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்திலே பிரெஞ்சுப் படைகள் சுவிற்சர்லாந்தின் நிட்வால்டன் பகுதியிற் புகுந்து, எதிர்த்தவரைக் கொன்று ஊர்களை எரித்தன. பெற்றாரையும் வீட்டையும் இழந்த சிறுவர் பலர் இரந்துண்டு திரிந்தனர். பிரெஞ்சுக்காரரின் ஆதரவிலே தோன்றிய புதிய சுவிஸ் அரசாங்கம், ஸ்டான்ஸ் நகரக் கன்னியர் மடத்திலே இவர்களுக்கென ஓர் இல்லம் அமைத்து, பெஸ்தலோசியை அனுப்பிற்று.

அவருக்கு அப்போது வயது 52. ஏழைச் சிறுவர்க்கென நொய்ஹோவ் பண்ணையில் அவர் நடத்திய இல்லம் பணமின்றி 1780இல் மூடப்பட்டிருந்தது. ஸ்டான்ஸ் மக்களோ கத்தோலிக்கர். ஊரை எரித்தோர் சார்பான அரசின் ஆள், அதிலும் புரட்டஸ்தாந்தர் என அவரை வெறுத்தனர். வெறுப்பதற்கு அவர்களுக்குக் காரணம் இருந்தது.

1799 ஜனவரியிலே பிள்ளைகள் வரத்தொடங்கினர். சொறியும் சிரங்கும் பீடித்த அவர்தம் தொகை எண்பதளவாயிற்று. உதவிக்கு ஒரு வீட்டுப் பணிப்பெண்ணே இருந்தாள். வேறு ஆசிரியர் இலர். ஆகவே, சிறிது கற்ற பிள்ளை கல்லாத பிள்ளைக்குக் கற்பித்தது. பெஸ்தலோசி அவர்களுடனேயே உண்டார். அவர்கள் உறங்கிய பின்னரே உறங்கினார். பிற்காலத்தில் ஐரோப்பா வியந்த அவரது கல்விமுறைக்குக் கொள்கையைவிட இவ்வில்லாமையே பெரிதும் வித்திட்டது எனலாம்.

ஜூன் மாதத்தில் மடத்தைப் படையினர் மருத்துவமனைக்கென எடுத்துக்கொண்டனர். பிள்ளைகளுட் பெரும்பாலோர் வெளியேற நேர்ந்தது. உடல்நலம் குன்றிய பெஸ்தலோசி, அவ்வாண்டிலேயே புர்க்டோர்வ் நகரிற் சிறுபிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிக்கத் தொடங்கினார்.