வேலை தர மறுத்த டிப்டி கலெக்டர்

கீழ்பென்னாத்தூரில் பஸ் ஏறி, திருவண்ணாமலையில் மாறித் தெற்கே போனால் தென்பெண்ணைக் கரையில் திருக்கோவிலூர். பாரி மாண்ட பின் அவன் பெண்களுக்கு ஒரு வாழ்வு தேடி ஊர் ஊராக அலைந்த கபிலர் கடைசியில் வந்து சேர்ந்த இடம் இது என்பார்கள். ஆற்றுக்குள் கபிலர் குன்று இன்றும் நிற்கிறது.

1910இல் அந்த ஊருக்கு 22 வயது இளைஞர் ஒருவர் வந்தார், கையில் நோட்டுப் புத்தகத்தோடு. எஃப்.ஏ. தேர்வில் தோற்றவர், கல்லூரி உதவித்தொகையை இழந்தவர், முந்தைய ஆண்டுதான் கல்யாணமானவர். பெயர் சீனிவாச ராமானுஜன். அவர் தேடி வந்தது டிப்டி கலெக்டர் வி. ராமசாமி அய்யரை. இந்தியக் கணிதக் கழகத்துக்கு 1907இல் வித்திட்டவர் அவர். ராமானுஜன் கேட்டது ஒரு குமாஸ்தா வேலைதான்.

நோட்டைப் புரட்டிய அய்யர் வேலை தரவில்லை. ரெவின்யூ இலாகாவின் அடிப்படியில் உட்கார வைத்து இந்த மேதையை மூச்சுத்திணற வைக்க மனம் வரவில்லை என்று பின்னாளில் சொன்னார். பசித்து வந்தவரை வெறுங்கையோடு அனுப்பியிருந்தால் அது கொடுமை. அய்யரோ சென்னையிலிருந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

அந்தக் கடிதம் வழி திறந்தது. நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவ் சொந்தப் பணத்திலிருந்து மாதம் 25 ரூபாய் கொடுத்து வந்தார். கழகத்தின் இதழில் 1911இல் ராமானுஜனின் முதல் கட்டுரை வெளியானது. 1912 மார்ச் 1ஆம் தேதி சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளம். அங்கே மேலதிகாரி எஸ். நாராயண அய்யரும் கணிதக்காரர். மாலை நேரங்களில் இருவரும் சிலேட்டும் பலப்பமுமாக உட்காருவார்கள். காகிதம் வாங்கக் கட்டுப்படியாகாது. எழுதியதை முழங்கையால் அழித்து அழித்து, விடையை மட்டும் நோட்டில் ஏற்றுவார் ராமானுஜன்.

1913இல் வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்தார். நோட்டைப் பார்த்ததும் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். பட்டமே இல்லாதவருக்கு ஆய்வு உதவித்தொகையா? விதி இடம் கொடுக்கவில்லை. ஆராய்ச்சியை வளர்ப்பதும் பல்கலைக்கழகத்தின் வேலை என்று அதன் சட்டமே சொல்கிறதே என்று ஆட்சிக்குழுவில் வாதாடினார்கள். மே மாதம் முதல் 75 ரூபாய் கிடைத்தது. கணித அறிஞர் ஹார்டி, கேம்பிரிட்ஜ், 1918இல் ராயல் சொசைட்டி எல்லாம் ஊரறிந்த கதை.

திருக்கோவிலூரிலிருந்து அந்த 75 ரூபாய்க்கு மூன்று ஆண்டுகள் ஆயின. அத்தனை நாளும் ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் தன் பெயரைப் பணயம் வைத்துப் பேச வேண்டியிருந்தது. இன்று இளநிலை ஆய்வு உதவித்தொகை 37,000 ரூபாய். அதற்கு முன் 25,000 ரூபாயாக இருந்தது 2019இல் 31,000 ஆனதும் சும்மா வந்ததில்லை. நாடெங்கும் ஆய்வு மாணவர்கள் பதாகை பிடித்துத் தெருவில் நின்றார்கள். அவர்களுக்காகப் பேசப் பேராசிரியர்களும் அதிகாரிகளும் முன்வர வேண்டும். ராமசாமி அய்யர் ஒரு தாலுகா ஊரில் இருந்துகொண்டே அதைச் செய்தார்.

சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் தர முன்வந்தபோது, 1919 ஜனவரி 11ஆம் தேதி இங்கிலாந்திலிருந்து ராமானுஜன் பதில் எழுதினார். பெற்றோருக்கு 50 பவுன் கொடுத்து, தன் செலவு போக மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகள், அநாதைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் புத்தகங்களுக்கும் கொடுத்துவிடும்படி அதில் கேட்டிருந்தார்.