ஐந்தா, ஆறா? 1972இல் நகர்ந்த ஒரு வயதுக் கோடு

முதலாம் தர அனுமதிப் படிவம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். பிள்ளையைப் பற்றி அது கேட்பது கொஞ்சம்தான். ஜனவரி 31ஆம் திகதிக்கு ஐந்து வயது பூர்த்தியாகிறதா என்பதுதான் அதில் முக்கியம். மிச்சமெல்லாம் அம்மா அப்பாவின் கதை: எங்கே இருக்கிறீர்கள், வாக்காளர் இடாப்பில் எத்தனை வருசமாகப் பெயர் இருக்கு, வீட்டு உறுதி யாருடைய பேரில், நீங்கள் அந்தப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவரா. வெள்ளவத்தையில் வாடகை ஃப்ளாட்டில் இருக்கிற குடும்பத்துக்கு இந்தப் படிவம் என்ன செய்யும் எண்டு சொல்லத் தேவையில்லை.

ஆனால் அந்த ‘ஐந்து’ எங்கிருந்து வந்தது? எங்கட ஆட்கள் விஜயதசமிக்கு ஏடு தொடக்குவது மூன்று வயதளவில். தமிழ்நாட்டுக் கிராமங்களில் பிறப்புச் சான்றிதழ் இல்லாத காலத்தில், தலைக்கு மேலால் கையைக் கொண்டுபோய் மற்றப் பக்கக் காதைத் தொடச் சொல்வார்கள், தொட்டால் சேர்த்துக்கொள்வார்கள். அது குறைந்தபட்சம் பிள்ளையின் உடம்பைப் பார்த்துச் சொன்ன முடிவு. நாங்கள் இயற்கை எண்டு நினைக்கிற ஐந்து, இலங்கையில் சில வருசங்கள் ஆறாக இருந்தது.

1971 ஏப்ரல் கிளர்ச்சி நடந்து முடிந்திருந்தது. படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த இளைஞர்கள்தான் ஆயுதம் தூக்கினார்கள் என்பது அரசாங்கத்தை உலுக்கிவிட்டது. அதே வருசம் டட்லி சீர்ஸ் தலைமையில் வந்த சர்வதேச தொழிலாளர் அமைப்பின் குழுவும் அதைத்தான் எழுதியது: பள்ளிக்கூடம் ஏற்படுத்துகிற எதிர்பார்ப்பும் நாட்டில் உள்ள வேலையும் பொருந்தவில்லை. கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத் காலத்தில், 1972இல், சீர்திருத்தம் வந்தது. சேரும் வயது ஐந்திலிருந்து ஆறு. ஆரம்பக் கல்வி ஐந்து வருசம், அதன்மேல் நான்கு வருசம், பிறகு ஓ/எல் இடத்தில் என்.சி.ஜி.ஈ. எண்ட தேசியச் சான்றிதழ்ப் பரீட்சை. முதல் பரீட்சை 1975இல் நடந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறும் ஒன்பதும் பதினைந்து. அந்தப் பரீட்சையோடு வெளியே வருகிற பிள்ளைக்கு, வேலைக்குப் போகக்கூடிய வயது. ஆறு வயதில் பிள்ளையின் மூளை இன்னும் பக்குவமாக இருக்கும் என்ற நியாயமும் சொல்லலாம்தான். எனக்கென்னவோ கணக்கு அந்தப் பக்கத்திலிருந்து, பதினைந்திலிருந்து, பின்னோக்கிப் போடப்பட்டது போலத்தான் தெரியுது.

இருந்தாலும் அதற்குள் ஒரு நல்ல விசயம் இருந்தது. அதற்கு முதல் ஒன்பதாம் வகுப்பளவிலேயே விஞ்ஞானம், கலை எண்டு பிரித்துவிடுவார்கள். விஞ்ஞான ஆய்வுகூடம் இல்லாத பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தெரிவு எண்டு ஒன்று இருக்கவேயில்லை. புதிய திட்டத்தில் ஒன்பதாம் தரம் வரை எல்லாருக்கும் ஒரே பாடத்திட்டம், எல்லாருக்கும் கணிதம், எல்லாருக்கும் விஞ்ஞானம். அதோடு அந்தந்த ஊர்த் தொழில்களை ஒட்டிய தொழில்முன் பாடங்கள். (கொட்டாஞ்சேனைக்கு எதைப் பாடமாக்கியிருக்கலாம்? துறைமுகமா, செட்டியார் தெரு நகைப்பட்டறையா?) ஒரு பிள்ளையின் பாதையை அவசரப்பட்டு மூடாதே என்பதுதான் இதன் சாரம்.

1943ஆம் ஆண்டின் கன்னங்கரா அறிக்கையை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய மாற்றம் எண்டு விளங்கும். இலவசக் கல்வியின் தந்தை எண்டு நாங்கள் கொண்டாடுகிற கன்னங்கராவின் குழுவே, பிள்ளைகளைப் பதினொரு வயதளவில் மூன்று வகைப் பள்ளிக்கூடங்களுக்குப் பிரித்து அனுப்பச் சொன்னது. அந்த மூன்றில் ஒன்று கைத்தொழில் சார்ந்தது. அந்தப் பிரிப்பு அப்படியே நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் ஐந்தாம் வகுப்பில் பிள்ளையை அளந்து பார்க்கிற ஸ்கொலர்ஷிப் சோதனை இன்னும் எங்களோடதான் இருக்கு.

பிறகு ஏன் தமிழ்க் குடும்பங்களில் 1972 எண்டால் இந்தச் சீர்திருத்தம் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை? அதே அமைச்சு அதே நேரத்தில் செய்த மற்ற வேலைதான் காரணம். 1971 அனுமதியில் மருத்துவ பீடத்துக்குத் தமிழ்மொழி மாணவருக்கு 400க்கு 250 புள்ளி தேவைப்பட்டது, சிங்களமொழி மாணவருக்கு 229. 1974இல் மாவட்டக் கோட்டா வந்தது. யாழ்ப்பாணத்தோடு கொழும்பு மாவட்டத்துக்கும் இடம் குறைந்தது. பின்தங்கிய மாவட்டங்களுக்கு இடம் வேண்டும் என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. மொழிவாரிப் புள்ளிக்கு அந்த வாதமும் இல்லை. பதினான்கு வயதில் யாரையும் பிரிக்கக்கூடாது எண்டு சொன்ன ஆட்கள், பத்தொன்பது வயதில் எந்த மொழியில் சோதனை எழுதினாய் எண்டு பார்த்துப் பிரித்தார்கள். அப்படிப்பட்ட அமைச்சு சொல்கிற நல்லதை எந்தத் தகப்பன் நம்புவார்?

1977இல் ஆட்சி மாறியது. சேரும் வயது மறுபடி ஐந்து, மறுபடி ஓ/எல். ஐந்து வருசத்துக்குள் பிள்ளைகளின் பக்குவம் ஒன்றும் மாறிவிடவில்லை. மாறியது அமைச்சர்தான்.

ஐந்து என்ற கோட்டுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம், ஐந்திலிருந்து பதினான்கு வயது வரையான பிள்ளைகளுக்குத் தனியார் புதிதாகப் பள்ளிக்கூடம் தொடங்குவதைத் தடுத்தது. ஐந்துக்குக் கீழே அந்தத் தடை இல்லை. வெள்ளவத்தை ஒழுங்கைகளில் இத்தனை மொண்டிசோரிப் பலகைகள் தொங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். மரியா மொண்டிசோரி 1944இல் கொழும்புக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் வேகம் இருக்கு, பெரியாட்கள் பொறுத்திருந்து பார்க்கவேணும் என்பது அவருடைய கொள்கை. இண்டைக்கு அவருடைய பெயரைத் தாங்கிய எத்தனையோ இடங்களில் மூன்றரை வயதுப் பிள்ளைக்கு வீட்டுவேலை கொடுக்கிறார்கள், முதலாம் வகுப்புக்குத் ‘தயார்’ ஆகவேணுமாம். 1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரத்தோடு வந்த சர்வதேசப் பாடசாலைகள் அந்தத் தடையைச் சுற்றிப்போக வேறு வழி கண்டுபிடித்தன: கம்பனிகளாகப் பதிந்துகொண்டன.

மேலே உள்ள கோடு இப்போது பதினாறில் இருக்கு. 2016இலிருந்து பதினாறு வயது வரை பள்ளிக்கூடம் போவது கட்டாயம். அந்த வயதில்தான் ஓ/எல் முடித்து ஏ/எல் பிரிவைத் தெரிவுசெய்கிறோம். கணிதம், உயிரியல், வர்த்தகம், கலை, 2013இலிருந்து தொழில்நுட்பமும். பெறுபேறு வருவதற்கு முதலே அநேகமான பெடியள் ரியூசன் வகுப்பில் இடம் பிடித்துவிடுகிறார்கள். ஆய்வுகூடமும் ஆசிரியரும் இல்லாத பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு அந்தப் பட்டியலில் கலைப்பிரிவு மட்டும்தான் உண்மையில் திறந்திருக்கும். 1972இல் சரிசெய்யப் பார்த்ததும் இதைத்தான்.