காரம் உறைக்குமா?

அமிலம் புளிக்கும், காரம் கசக்கும் என்கிறது பள்ளி வேதியியல் புத்தகம். மத்தியானம் குழம்பில் காரம் தூக்கலென்று தண்ணீர்ச் சொம்பைத் தேடிய பிள்ளை, பிற்பகல் வகுப்பில் இதைப் படித்தால் விழிக்கத்தான் செய்யும். தப்பு பிள்ளை மேல் இல்லை. இரண்டு ஓடை வந்து கலந்த சொல் அது.

ஓர் ஓடை நம்முடையது. 'கார்த்தல்' என்றால் நாக்கில் சுள்ளென்று உறைத்தல்; உப்புக் கரிப்பதற்கும் அந்த வினை உண்டு. அறுசுவையில் வரும் கார்ப்பு அதன் பிள்ளை. மற்றது வடமொழியின் 'க்ஷார'. அது அடுப்படிச் சொல், சாம்பலில் பிறந்தது. செடியை எரித்து, சாம்பலை நீரில் கரைத்து, வடிகட்டிச் சுண்டக் காய்ச்சினால் அடியில் தங்குவதுதான் க்ஷாரம். சுசுருத சம்ஹிதை இதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்குகிறது. இன்றைக்கும் பௌத்திரத்துக்குக் கட்டும் காரநூலில் நாயுருவிச் சாம்பலின் காரமும் மஞ்சளும் ஏறுகின்றன. ஆங்கிலேயரின் 'ஆல்கலி'யும் அரபியரின் சாம்பலிலிருந்து போனதே.

'க்ஷ' தமிழ் வாயில் 'க' ஆனதும் இரண்டுக்கும் ஒரே முகம். மிளகாயின் காரத்தையும் முழுக்க வடமொழிக் கணக்கில் எழுதிவிடுவது எனக்கு ஒப்பவில்லை. கார்ப்பு பழகியிருந்த நாக்கில்தான் காரம் வந்து உட்கார்ந்தது.

நாட்டு மருந்துக் கடையில் இந்தச் சொல்லுக்குக் குடும்பமே உண்டு. அப்பளக்காரமும் வெங்காரமும் வேதியியல் கணக்கிலும் காரங்களே. சீனக்காரம் மட்டும் பெயரில் ஏமாற்றும். கலங்கிய கிணற்று நீரைத் தெளிய வைக்கிற படிகாரம்தான் அது. கரைத்துப் பார்த்தால் அமிலம்!

சோதிக்கத் தாளைத் தேடி அலைய வேண்டாம், ஆரத்தித் தட்டு போதும். மஞ்சள் நீரில் சிட்டிகை சுண்ணாம்பு விழுந்ததும் ரத்தச் சிவப்பு. அதிலேயே எலுமிச்சையைப் பிழிந்துகொண்டு வாருங்கள், சுண்ணாம்பின் காரம் அடங்கியதும் பழைய மஞ்சள் திரும்பும்.

ஆனால் நிறம் உண்டு, இல்லை என்பதோடு நின்றுவிடும். எவ்வளவு என்று சொல்ல எண் வேண்டும். அது 1909இல் வந்தது. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் நொதிகளை ஆராய்ந்துகொண்டிருந்த சோரன்சன், கரைசலில் உள்ள ஹைட்ரஜன் அயனிகளின் செறிவை மடக்கைக் கணக்கில் சுருக்கி 'பி.எச்.' என்றார். 7 நடுநிலை; கீழே அமிலம், மேலே காரம். ஒரு படி இறங்கினால் அயனிச் செறிவு 10 மடங்கு. 'எச்' ஹைட்ரஜன், சரி. 'பி' எதன் சுருக்கம் என்பதில் இன்னும் வழக்கு தீரவில்லை.

இதைத் தமிழ்நாட்டு மண் பரிசோதனை அறிக்கைகள் 'கார அமில நிலை' என்கின்றன. நல்ல பெயர், அளவுகோலின் இரு முனையும் அதில் தெரிகிறது. எண் 8.5ஐத் தாண்டி, சோடியமும் மிகுந்த மண் களர். அதற்கு ஜிப்சம் இடுவார்கள். உப்பு பூத்தது உவர், அது வேறு. சோரன்சனுக்கு வெகுகாலம் முன்பே நம்மவர் இந்த இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருந்தார்கள். கல்லாதவரைத் திருவள்ளுவர் ஒப்பிட்டதும் களருக்குத்தான்.

நாக்குக்கு உறைப்பு, சோதனைக்குழாய்க்குக் காரம் என்று யாழ்ப்பாணத்து வழக்கைப் பின்பற்றினால் பாதிக் குழப்பம் தீரும். மிளகாயின் உறைப்புக்குக் காரணம் காப்சைசின்; கார அமில நிலைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சந்தேகம் இருந்தால் பச்சை மிளகாயை அரைத்த நீரில் சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்துப் பாருங்கள். அது நீலமாகாது.